மைனஸை அழித்தால் மட்டு மதிப்பு வந்துவிடுமா? டியூஷனில் ஒரு பிள்ளை கேட்டதற்கு எனக்கு விடை தெரியவில்லை

தேவகோட்டை டியூஷன் அக்கா

எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எட்டாவதிலிருந்து பதினொன்று வரை பன்னிரண்டு பேர் வருகிறார்கள். நான் பி.காம் படித்தவள், கணக்கைத் தனிப் பாடமாகப் படித்ததில்லை, அதனால் கேள்வி சின்னதாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை மட்டு மதிப்பு நடத்தினேன். எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததையே நானும் சொன்னேன்: இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிற எண்ணுக்கு மைனஸ் இருந்தால் அழித்துவிடு, இல்லாவிட்டால் அப்படியே எழுது. |7| என்றாலும் 7, |−7| என்றாலும் 7. எல்லாப் பிள்ளைகளும் மளமளவென்று போட்டுக் காட்டினார்கள், எனக்கும் திருப்தியாக இருந்தது.

அப்புறம் பதினொன்றாவது படிக்கிற பிள்ளை தன் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். (இங்கே தட்டச்சு செய்ய எளிதாக இருக்கட்டும் என்று எக்ஸுக்குப் பதில் ‘அ’ போடுகிறேன்.) அ என்பது பூச்சியத்தைவிடச் சிறியது என்றால் |அ| = −அ என்று இருந்தது. “அக்கா, மட்டு மதிப்பு குறை எண்ணா வரவே வராதுன்னு சொன்னீங்க. இங்க மைனஸ் போட்டிருக்கே?” என்று கேட்டாள். பார்த்தேன், யோசித்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. |அ − 3| = 5 என்ற கணக்குக்கு அவள் நான் சொன்ன மாதிரியே மைனஸை அழித்து, அ + 3 = 5, ஆகவே அ = 2 என்று எழுதிவிட்டாள். 2 போட்டுப் பார்த்தால் |2 − 3|, அதாவது 1 தான் வருகிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை 8, −2 என்று இருக்கிறது. இரண்டு விடை எப்படி வருகிறது, அதில் ஒன்று குறை எண்ணாக எப்படி வருகிறது, இதை நான் பிள்ளைக்கு எப்படிச் சொல்ல வேண்டும்? கேட்ட பிள்ளை நல்ல பிள்ளை, தவறாக ஒன்றைச் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை.

---

பள்ளத்தூர் வாத்தியார்

தங்கச்சி, முதலில் ஒன்று. அந்தப் பிள்ளை தப்பே செய்யவில்லை, நீங்கள் கொடுத்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். விதிதான் தவறு. அது உங்கள் குற்றமும் இல்லை, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் படித்திருப்பார்கள். நானே வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷம் அப்படித்தான் நடத்தினேன்.

மட்டு மதிப்பு என்பது தூரம். எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து அந்த எண் எவ்வளவு தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பஸ்ஸை வைத்தே சொல்லலாம். காரைக்குடியைப் பூச்சியமாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே புதுக்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர், தெற்கே தேவகோட்டை சுமார் 18 கிலோமீட்டர். வடக்குக்கு மிகை, தெற்குக்குக் குறை என்று பேசி வைத்துக்கொண்டால் புதுக்கோட்டை 40, தேவகோட்டை −18. இப்போது காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு எவ்வளவு தூரம் என்று எந்தப் பிள்ளையையாவது கேளுங்கள். மைனஸ் 18 என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது திசையைப் பார்ப்பதில்லை, தூரத்தைத்தான் பார்க்கிறார். |−18| = 18 என்பது இதுதான், இதில் யாரும் எதையும் அழிக்கவில்லை.

இதே படத்தில் புதுக்கோட்டைக்கும் தேவகோட்டைக்கும் இடையில் எவ்வளவு? 40 − (−18) = 58. தேவகோட்டையிலிருந்து கிளம்பினாலும் −18 − 40 = −58, அதன் மட்டு மதிப்பும் 58. போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்று. ஆக |அ − ஆ| என்று எங்கே பார்த்தாலும் “அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையில் உள்ள தூரம்” என்று வாசிக்கப் பழக்குங்கள்.

அப்படி வாசித்தால் |அ − 3| = 5 என்ன சொல்கிறது? 3-லிருந்து 5 தள்ளி இருக்கிற இடம் எது என்று கேட்கிறது. 3-இல் நின்றுகொண்டு வலது பக்கம் 5 அடி நடந்தால் 8, இடது பக்கம் 5 அடி நடந்தால் −2. இரண்டு பக்கமும் வழி திறந்திருப்பதால் இரண்டு விடை. சமன்பாட்டை எழுதுவதற்கு முன்னால் நடந்து பார்த்துவிட்டால் பிள்ளைக்கு மறக்காது.

இனி அந்த −அ. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், காரணம் நாம் மைனஸ் குறியைப் பார்த்தாலே “குறை எண்” என்று படிக்கப் பழகிவிட்டோம். எழுத்துக்கு முன்னால் வரும் மைனஸுக்குப் பொருள் “எதிர்ப்பக்கம்” என்பதுதான், பூச்சியத்துக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில் இருக்கிற எண். அ என்பது 7 என்றால் −அ என்பது −7. அ என்பது −7 என்றால் −அ என்பது −(−7), அதாவது 7. எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் −அ மிகையா குறையா என்று சொல்லவே முடியாது.

நான் வகுப்பில் ஒரு தபால் உறையை எடுத்துக்கொள்வேன். உறையின் மேல் பெரிதாக ‘அ’ என்று எழுதி, உள்ளே −7 என்று எழுதிய சீட்டைப் போட்டு ஒரு பிள்ளை கையில் கொடுப்பேன். “மைனஸை அழித்துக் காட்டு” என்பேன். உறையின் மேல் மைனஸே இல்லையே, எதை அழிப்பாள்? அப்புறம் அந்த உறைக்கு முன்னால் பலகையில் ஒரு மைனஸ் போடுவேன், சீட்டை வெளியே எடுத்து அங்கே ஒட்டச் சொல்வேன். −(−7) என்று அவள் கண் முன்னால் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தில் வகுப்பே அமைதியாகிவிடும், ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் உள்ள வரி சொல்வதும் அதுதான்: உறைக்குள் குறை எண் இருக்கிறது என்று தெரிந்தால், எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பு, மிகை எண் கிடைத்துவிடும்.

இந்த இரண்டு நேர்க்கோட்டுக் குறியை 1841-இல் வயர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் கொண்டுவந்தார். பதினொன்றாவது முடித்து மேலே போகும்போது கலப்பெண்ணுக்கும் (கோட்டில் இல்லாமல் தளத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கிற எண்) இதே குறி வரும், அங்கேயும் பொருள் தூரம்தான். கிடையாக 3, மேலே 4 என்று நிற்கிற கலப்பெண்ணின் மட்டு 5. அங்கே அழிப்பதற்கு மைனஸ் எங்கே இருக்கிறது? தூரம் என்று படித்த பிள்ளைக்கு அங்கே புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை, அழித்துப் படித்த பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

---

நேராக விடைக்கு வா

ஐயா சொன்னது சரிதான், ஆனால் ஆறாவது ஏழாவது பிள்ளைக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கிறேன். நான் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். கேள்வியில் வெறும் எண் மட்டும் இருந்தால் மைனஸை எடுத்துவிடு என்பது வேகமாக வேலை செய்கிறது, பிள்ளைக்கும் நம்பிக்கை வருகிறது. எழுத்து வரும்போது எழுத்துக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். முதலிலேயே உறை, சீட்டு என்று போனால் சின்னப் பிள்ளை குழம்பாதா?

---

பள்ளத்தூர் வாத்தியார்

சின்னப் பிள்ளைக்கு உறை வேண்டாம் தம்பி, பஸ் போதும். தூரம் என்று சொல்வதற்கு மைனஸை அழி என்று சொல்வதைவிட அதிக நேரம் ஆகாது. வெறும் எண்ணிலேயே உங்கள் விதி எங்கே உடைகிறது என்று பாருங்கள். |3 − 8| கொடுத்தால் மைனஸை அழித்து 11 என்று எழுதுகிற பிள்ளைகளின் விடைத்தாளை எத்தனையோ திருத்தியிருக்கிறேன். 3-க்கும் 8-க்கும் இடையில் எவ்வளவு என்று கேட்டால் அதே பிள்ளை 5 என்று உடனே சொல்கிறது. வேகத்துக்காகச் சொல்கிற விதி வேகத்தையும் கெடுக்கிறது என்பதுதான் என் அனுபவம்.

---

ரசமட்டம்

நான் ஆத்தங்குடிப் பக்கம். அப்பா தரை போடுகிற கொத்தனார், நான் சிவில் படித்துவிட்டு அவர் கூடவே வேலை பார்க்கிறேன். இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் மட்டு மதிப்பு எனக்குப் புரிந்தது கல்லூரியில் இல்லை, கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வளவில் தரை பெயர்த்துப் போட்டபோதுதான்.

ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கையாலேயே செய்வார்கள், அப்புறம் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுகிற வேலை கிடையாது. கண்ணாடியில் கிடந்த முகம் அவ்வளவு வழவழப்பாக இருக்கும், அதனாலேயே தரையில் கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தாலும் வெளிச்சம் சாய்ந்து விழும்போது காட்டிக்கொடுத்துவிடும். அப்பா ட்யூபில் தண்ணீர் நிரப்பிச் சுவரைச் சுற்றி மட்டம் குறித்துக்கொள்வார், நூல் கட்டுவார், பிறகு நூலிலிருந்து ஒவ்வொரு இடமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பார். அவர் வாயில் பிளஸ் மைனஸ் வராது, “மேடு 4, பள்ளம் 3” என்பார். நான் நோட்டில் 4, −3 என்று எழுதிக்கொள்வேன்.

அன்றைக்கு ஐந்து இடத்தில் அளந்தோம்: 4, −3, 2, −5, 2, எல்லாம் மில்லிமீட்டர். நான் கூட்டிப் பார்த்தேன், பூச்சியம் வந்தது. சராசரி பூச்சியம், தரை மட்டமாக இருக்கிறது அப்பா என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கோலிக்குண்டைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். அது உருண்டு −5 இருந்த இடத்தில் போய் நின்றது.

மேடும் பள்ளமும் கணக்கில் ஒன்றையொன்று தின்றுவிட்டன, தரையில் இரண்டும் அப்படியேதான் இருந்தன. மட்டு மதிப்பு எடுத்துக் கூட்டினால் 4 + 3 + 2 + 5 + 2 = 16, ஐந்தால் வகுத்தால் 3.2. சராசரியாக ஓரிடம் 3.2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அந்த எண் உண்மையைச் சொல்கிறது. புள்ளியியலில் சராசரி விலக்கம் எடுக்கும்போது ஏன் மட்டு மதிப்பு போடுகிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்று, இதை அக்கா அந்தப் பிள்ளைக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்பா வைத்திருக்கும் அளவு 2 மில்லிமீட்டர், மேடானாலும் சரி பள்ளமானாலும் சரி அதைத் தாண்டக் கூடாது. கணக்கில் எழுதினால் |அ| ≤ 2. கோட்டை எடுத்துவிட்டு அ ≤ 2 என்று மட்டும் எழுதுகிற பிள்ளைகள் நிறைய உண்டு. அப்படி எழுதினால் −5 கூடச் சரி என்றாகிவிடும், அது எங்கள் கோலிக்குண்டு போய் நின்ற பள்ளம். சரியாக எழுத வேண்டியது −2 ≤ அ ≤ 2, மேலேயும் ஒரு வேலி கீழேயும் ஒரு வேலி.

---

பேரேடு

நல்ல பேச்சு. அக்கா பி.காம் என்று சொன்னதால் நான் கணக்குப் பிள்ளை வழியில் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து வந்த பழைய பேரேடுகள் வீட்டில் சில இருக்கின்றன. அதில் மைனஸ் என்ற குறியே கிடையாது, ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று. தொகை எப்போதும் வெறும் தொகைதான், எந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் திசை. யோசித்துப் பாருங்கள், தொகை என்பது மட்டு மதிப்பு, பக்கம் என்பது குறி. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்து −500 என்று எழுதுகிறோம், மட்டு மதிப்பு எடுக்கும்போது மறுபடி பிரிக்கிறோம். 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்ணுக்கு விதி எழுதியபோது மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும்தான் சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் மட்டு மதிப்பைப் படிப்பதற்கு முன்பே பெயர் தெரியாமல் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். −9 + 4 போடும்போது என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? “பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி, பெரிய எண்ணின் குறியைப் போடு.” இதில் பெரிய எண் எது? 9 என்று நினைத்துச் சொல்கிறோம், ஆனால் அங்கே இருப்பது −9, அது 4-ஐவிடச் சிறியது. எண்கோட்டில் −9 இடது பக்கம் எவ்வளவோ தள்ளி இருக்கிறது என்று போன வாரம்தான் அதே பிள்ளைக்குச் சொல்லியிருப்போம். இந்த வாரம் அதையே பெரிய எண் என்கிறோம். குழம்பாமல் என்ன செய்யும்? “மட்டு மதிப்பு பெரிதாக உள்ள எண்” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. 9 ரூபாய் கடன், கையில் 4 ரூபாய், கொடுத்தது போக 5 ரூபாய் கடன். கடன் தொகை பெரிது, அதனால் மிச்சமும் கடன் பக்கம்தான் விழும்.

500 ரூபாய் கடன்காரனும் 300 ரூபாய் கையில் வைத்திருப்பவனும் இருந்தால் யார் வசதி என்பது ஒரு கேள்வி, யாருடைய தொகை பெரிது என்பது வேறு கேள்வி. −500 < 300, ஆனால் |−500| > |300|. இந்த இரண்டு வரியையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதி ஒரு பத்து நிமிஷம் பேசவிடுங்கள்.

---

செம்பும் துத்தநாகமும்

காரைக்குடியில் வேதியியல் முதுகலை படிக்கிறேன். இங்கே 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் மின்கலம் பற்றிய பேச்சு ஊரில் யாருக்கும் புதிதில்லை, அதிலிருந்து ஒரே ஒரு கணக்கு.

துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் (ஒரு பொது மின்முனையைப் பூச்சியமாக வைத்து அளந்த மின்னழுத்தம்) −0.76 வோல்ட், செம்புக்கு 0.34 வோல்ட். இரண்டையும் சேர்த்து டேனியல் மின்கலம் செய்தால் எவ்வளவு கிடைக்கும்? பன்னிரண்டாவதில் நான் மைனஸை அழித்துவிட்டு 0.76 − 0.34 = 0.42 என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். சரியான விடை 0.34 − (−0.76) = 1.10. ஒன்று பூச்சியத்துக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம், இடையில் உள்ள தூரம்தான் கிடைக்கிற அழுத்தம். வாத்தியார் ஐயா சொன்ன புதுக்கோட்டை–தேவகோட்டை கணக்கேதான் இது. மீட்டரின் இரண்டு கம்பியையும் மாற்றி வைத்தால் −1.10 காட்டும். மின்கலம் மாறவில்லை, நாம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோம் என்பதுதான் மாறியது.

---

தேவகோட்டை டியூஷன் அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, ரசமட்டம் தம்பி, நீங்கள் எழுதியதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பேரேடு அண்ணே, −9 + 4 விஷயத்தைப் படித்ததும் எனக்கே இத்தனை வருஷம் அது தோன்றவில்லையே என்று இருந்தது. இனி பெரிய எண் என்று சொல்ல மாட்டேன்.

நேற்று சாயங்காலம் முதல் வேலையாக, போன வாரம் நான் சொன்னது தவறு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் −10-லிருந்து 10 வரை நீளமாகக் கோடு போட்டு, ஒவ்வொருவரையும் 3-இல் நிற்கவைத்து 5 கட்டம் நடக்கவிட்டேன். பாதிப்பேர் வலது பக்கம் போனார்கள், பாதிப்பேர் இடது பக்கம் போனார்கள், “இரண்டு விடை” என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர்களே சொல்லிவிட்டார்கள். உறையும் செய்தேன். கேள்வி கேட்ட பிள்ளை சீட்டை எடுத்து ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் “எழுத்துக்குள்ள ஒரு மைனஸ் ஏற்கனவே ஒளிஞ்சிருக்கு அக்கா” என்றாள். நான் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

|அ − 3| = −5 என்று ஒன்று கொடுத்தேன். எட்டாவது பையன் எழுந்து நடக்கப் போனவன் பாதியில் நின்று, “தூரம் மைனஸ்ல எப்படி இருக்கும், அப்படி ஒரு எடமே இல்ல” என்று உட்கார்ந்துவிட்டான்.

இப்போது ஒரே ஒரு கேள்வி மிச்சம். அவள் புத்தகத்தில் |அ − 3| = |அ + 5| என்று இருக்கிறது. நான்கு நிலையாகப் பிரித்து ஒன்றரைப் பக்கம் செய்திருக்கிறார்கள். இதற்கும் நடக்கிற வழி உண்டா ஐயா?

---

பள்ளத்தூர் வாத்தியார்

உண்டு. அ + 5 என்பதை அ − (−5) என்று எழுதிக்கொள்ளுங்கள், அப்போது அது −5-லிருந்து உள்ள தூரம். 3-லிருந்தும் −5-லிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கிற இடம் எது என்பதுதான் கேள்வி. விடையை நான் சொல்லவில்லை, கோடு இன்னும் திண்ணையில் இருந்தால் பிள்ளையிடமே விடுங்கள்.

---

தேவகோட்டை டியூஷன் அக்கா

கோடு இருந்தது ஐயா. பூக்கட்டுகிற நூலை எடுத்து ஒரு முனையை −5-இல் நான் பிடித்துக்கொள்ள, அவள் 3 வரை இழுத்து அறுத்தாள். நூலை இரண்டாக மடித்து மறுபடி −5-லிருந்து வைத்தாள். மடிப்பு −1-இல் வந்து நின்றது. அந்தப் பக்கம் 4, இந்தப் பக்கம் 4 என்று விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் நோட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தாள்.